10 மீட்டர் ஏர் ரைஃபிள்: தேர்வு முதல் மழைக்காலப் பராமரிப்பு வரை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம், ஓட்டம் நின்றுபோன நெல் ஆலையின் கிடங்கு ஒன்றில் நாங்கள் சிலர் 10 மீட்டர் சுடுகளம் நடத்தி வருகிறோம். வேலந்தாவளம், மீனாட்சிபுரம், வாளையார் என்று கேரள-தமிழ்நாடு எல்லையின் இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுடைய ரைஃபிள்களைத் திறந்து பார்க்கிற வேலை பெரும்பாலும் என்னிடம் வருகிறது. இதுவரை என் கைக்கு வந்த பழுதுகளில் மிகுதியானவை சுட்டுச் சுட்டுத் தேய்ந்ததால் வந்தவை அல்ல. ஈரக்காற்றாலும், போடக்கூடாத இடத்தில் போட்ட எண்ணெயாலும் வந்தவை. தேர்வில் நேரும் தவறும் ஒன்றே ஒன்றுதான்: ரைஃபிளை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றைப் பிறகு யோசிப்பது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. சட்ட எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்குரிய 10 மீட்டர் ரைஃபிள் இந்த எல்லைக்குள் வசதியாக அடங்கிவிடும். 0.53 கிராம் எடையுள்ள பெல்லட், அதாவது சிறிய ஈயக் குண்டு, நொடிக்கு 172 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் அதன் ஆற்றல் 7.8 ஜூல்தான்.

".22 வாங்கினால் பலம் அதிகம்" என்று கடையில் சொன்னால் அதைக் கேட்டு வாங்கிவிட வேண்டாம், அது வேறு வகைக்குள் போய்விடும், இந்தப் போட்டிக்கும் பயன்படாது. வெளிநாட்டுக் காணொளிகளில் குழல் முனையில் ஒலி அடக்கி பொருத்துவதைப் பார்த்துவிட்டுப் பல பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். நம் நாட்டில் துப்பாக்கியின் ஒலியையோ தீப்பொறி ஒளியையோ குறைப்பதற்கான துணைக்கருவி தடைசெய்யப்பட்ட பொருள்களின் வகையில் வருகிறது. 10 மீட்டர் ரைஃபிளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உரிமம் வேண்டாம் என்பதற்காகத் தோப்பில் புறாவையோ மயிலையோ குறிவைக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் எந்தக் கருவியால் சுட்டீர்கள் என்று பார்த்துச் சலுகை காட்டுவதில்லை.

2. முதலில் உடலை அளந்துகொள்ளுங்கள்

எந்தக் கண் ஆளும் கண் என்பதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு இடையே சிறு துளை அமைத்து, அதன் வழியாகத் தூரத்திலுள்ள ஒரு பொருளை இரு கண்களாலும் பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். பொருள் துளைக்குள்ளேயே நின்றால் திறந்திருக்கும் கண்தான் ஆளும் கண். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இடக்கண் ஆளுவது அரிதன்று. அதைக் கவனிக்காமல் வலக்கை ரைஃபிளை வாங்கிவிட்டால், மறுகண்ணை மறைக்கும் தகட்டைப் போட்டுத்தான் பழக வேண்டியிருக்கும்; அல்லது இடக்கைக் கட்டையை (தோளிலும் கன்னத்திலும் படியும் ரைஃபிளின் உடற்பகுதியை) மறுபடி தேட வேண்டும்.

அடுத்தது எடை. போட்டி விதி அனுமதிக்கும் உச்ச எடை 5.5 கிலோ. பெரியவர்களுக்கான ரைஃபிள்கள் பலவும் அந்த எல்லையை ஒட்டியே இருக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதை 60 முறை தூக்கினால் முதுகை வளைத்துத் தாங்கத் தொடங்கும். அந்த வளைவு ஒருமுறை பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. இளையோருக்கென எடை குறைந்த, நீளத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டையுடன் வரும் வகைகள் உள்ளன. வளரும் பிள்ளைக்கு அவையே ஏற்றவை.

குறைந்தது இரண்டு மாதமாவது களத்தில் உள்ள பொது ரைஃபிளில் சுட்ட பிறகே கடைக்குப் போக வேண்டும் என்பது என் முடிவான கருத்து. அதற்குள் முழங்கை மடிப்பிலிருந்து விசை விரல் வரையிலான நீளம், கழுத்தின் உயரம், எந்தக் கட்டை அமைப்பில் கன்னம் தானாக வந்து படிகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

3. காற்று எங்கிருந்து வரும் என்பதை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் விட்டுவிடும் படி இதுதான். போட்டி ரைஃபிளின் சிலிண்டரில் பொதுவாக 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் காற்று நிரப்ப வேண்டும். சைக்கிள் கடையிலோ பஞ்சர் கடையிலோ அந்த அழுத்தம் கிடைக்காது. மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, இதற்கென்றே செய்யப்பட்ட பல அடுக்குக் கை பம்ப். செலவு குறைவு, ஆனால் 150 பாரைத் தாண்டியபின் பெரியவர் ஒருவர் தன் உடல் எடையை முழுக்கச் சாய்த்தால்தான் கைப்பிடி இறங்கும். பிள்ளையால் முடியாது, அப்பாவோ அம்மாவோ வாராவாரம் செய்ய வேண்டும். இரண்டாவது, சிறிய மின் கம்ப்ரசர். இதில் ஈரத்தையும் எண்ணெயையும் பிடிக்கும் வடிகட்டி இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். மூன்றாவது, நீர்மூழ்குவோர் பயன்படுத்துவது போன்ற பெரிய சிலிண்டரில் உலர்காற்றை நிரப்பி வைத்துக்கொண்டு, அதிலிருந்து சிறிய சிலிண்டருக்கு மாற்றுவது. நாங்கள் இதைத்தான் செய்கிறோம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெரிய சிலிண்டர் வைத்துக்கொண்டால் செலவு பகிர்ந்துவிடும். அப்படி வாங்கும்போது சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும் அழுத்தச் சோதனைத் தேதியைப் பாருங்கள். தேதி கடந்ததை நிரப்பவும் கூடாது, அடுத்தவரிடம் நிரப்பித் தரச் சொல்லவும் கூடாது.

ஈரம் என்று நான் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. கால் லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரை 200 பார் வரை நிரப்ப 50 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழைக்காற்று வீசும்போது, 27 பாகை வெப்பத்தில் அந்த 50 லிட்டரில் ஏறக்குறைய 1 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். காற்றை அழுத்தும்போது அதில் பெரும்பகுதி நீராக மாறிவிடும். வடிகட்டி இல்லையென்றால் அந்த நீர், காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்குள்ளும் வால்வுக்குள்ளும்தான் போய்ச் சேரும்.

எந்தச் சூழ்நிலையிலும் வெல்டிங் பட்டறையிலோ மருந்துக் கடையிலோ கிடைக்கும் ஆக்சிஜனை நிரப்பக் கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் சிறிது கிரீஸைத் தொட்டாலும் தீப்பற்றி வெடிக்கக்கூடும்.

4. இப்போது ரைஃபிளைத் தேர்ந்தெடுங்கள்

ஸ்பிரிங் வகையை "கற்றுக்கொள்வதற்கு" என்று வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஸ்பிரிங்கும் பிஸ்டனும் முன்னே பாய்வதால் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைஃபிள் அசைகிறது. அந்த அசைவுக்கு ஏற்பத் தளர்வாகப் பிடிக்கும் பழக்கம், பின்னர் காற்றுச் சிலிண்டர் ரைஃபிளுக்கு மாறும்போது இடைஞ்சலாக நிற்கும்.

காற்றுச் சிலிண்டர் வகையில் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷுட்ஸ், ஸ்டெயர் ஆகியவை போட்டிக் களங்களில் பரவலாகக் காணப்படுபவை. இந்தியத் தயாரிப்பில் பிரிசிஹோல் உள்ளது. குழலின் துல்லியத்தில் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு, தொடக்கநிலைப் பிள்ளையின் கை நடுக்கத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆகவே பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், ஓ-ரிங் தொகுப்பும் வால்வு உதிரிகளும் கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ எத்தனை நாளில் கைக்கு வரும் என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சிறு ரப்பர் வளையத்துக்காகக் காத்திருப்பதன் வேதனை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பழையதை வாங்குவதானால் இந்த வரிசையில் பாருங்கள். அசல் பில்லில் உள்ள எண்ணும் ரைஃபிளில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது முதல் வேலை. அடுத்து, சிலிண்டரில் உள்ள தயாரிப்புத் தேதி: தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 ஆண்டு ஆயுள் தருகிறார்கள், சிலிண்டர் அந்தக் காலத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது போட்டி விதிப்படி சுடுபவரின் பொறுப்பு. நன்றாக ஓடும் ரைஃபிள் மலிவாக வருகிறது என்றால் பெரும்பாலும் சிலிண்டரின் காலம் முடியப் போகிறது என்று பொருள். புதுச் சிலிண்டரின் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். மூன்றாவது, குழலின் வாய்விளிம்பை உருப்பெருக்கியால் சுற்றிலும் பாருங்கள். அங்கே ஒரு கீறல் இருந்தால் பெல்லட் வெளியேறும் கணத்தில் காற்று ஒரு பக்கமாகக் கசிந்து அதைத் திருப்பிவிடும். கடைசியாக, நிரப்பி ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் அழுத்தத்தைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

5. பெல்லட்டைக் குழலிடமே கேளுங்கள்

தட்டைத் தலை கொண்ட 4.5 மில்லிமீட்டர் பெல்லட்தான் வேண்டும். காகிதத்தில் வட்டமாகத் துளையிடுவது அதுதான். தலையின் விட்டம் 4.49, 4.50 என்று நூற்றில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டுடன் டின்கள் வரும். எது நல்லது என்று யாரையும் கேட்டுப் பயனில்லை, ஏனெனில் ஒரே தயாரிப்பின் இரண்டு குழல்கள் இரண்டு அளவுகளை விரும்பும்.

ரைஃபிளை இறுக்கியில் பொருத்தி, ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாக ஒரே துளையில் சுட்டு, துளையின் வெளி விட்டத்தை அளக்க வேண்டும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மில்லிமீட்டர், பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டாலே பத்து. எனவே பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 2.5 மில்லிமீட்டர் வரை விலகலாம். அதன்படி வெளி விட்டம் 9.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் எல்லாம் பத்தாக இருக்க முடியும்; ஆனால் அந்த இடம் முழுவதையும் ரைஃபிளே எடுத்துக்கொண்டால் உங்கள் கைக்கு என்ன மிச்சம்? 7 மில்லிமீட்டருக்குள் வருவதைத் தேர்ந்தெடுத்து, அதே தொகுதி எண்ணில் பல டின்கள் வாங்கி வையுங்கள்.

6. உடலுக்குப் பொருத்தும் வரிசை

தோள் தகட்டின் நீளம், அதன் உயரம், கன்னத் தாங்கி, பின் குறிப்பானின் (குறிபார்க்கும் கருவியின்) தூரமும் உயரமும், விசையின் இடம், அதன் பிறகே குறித் திருத்தம். புதியவர்கள் முதல் நாளே குறிப்பானின் திருகைத் திருப்பத் தொடங்கிவிடுகிறார்கள். கன்னத் தாங்கி இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் கண்ணின் இடம் மாறி, செய்த திருத்தமெல்லாம் வீணாகிவிடும்.

சரியாகப் பொருந்தியதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நிலையெடுத்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறந்து பாருங்கள். கருவட்டம் குறிப்பானுக்குள் தானாக நின்றிருக்க வேண்டும். பக்கவாட்டில் விலகியிருந்தால் பாதத்தை நகர்த்துங்கள்; கையால் தள்ளித் திருத்தாதீர்கள். தசை களைத்ததும் அந்தத் தள்ளல் விட்டுப்போய்விடும். பொருந்திய பின் ஒவ்வோர் அளவுகோலின் எண்ணையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

7. காற்றை மெதுவாக நிரப்புங்கள்

இணைக்கும் முன் இரண்டு வாய்களையும் பஞ்சு நூல் இல்லாத துணியால் துடையுங்கள். பெரிய சிலிண்டரின் வால்வை ஒரு நொடி திறந்து மூடி, வாயில் உள்ள தூசியை வெளியேற்றுங்கள். பிறகு இணைத்து, அழுத்தமானியின் முள் நகர்வது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் திறங்கள். வேகமாக நிரப்பினால் காற்று சூடாகும். சூட்டில் 200 காட்டிய முள் ஆறியதும் இறங்கிவிடும். காற்றை அடைக்கும் ரப்பர் வளையங்களுக்கும் அந்தத் திடீர் வெப்பம் நல்லதன்று. நிரப்பியபின் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றாமல் இணைப்பைக் கழற்ற முயல வேண்டாம்.

கை பம்ப் என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். நிறுத்தி, வெளியேற்றும் திருகைத் திறந்தால் வெண்புகை போல ஈரம் பீறிடும். அந்த ஈரம் சிலிண்டருக்குள் போகாமல் தப்பியது என்று அறிக.

நிரப்பு வாயில் ஒரு துளி எண்ணெய்கூட விடக்கூடாது. தொடக்க காலத்தில் நான் செய்த பிழை இதுதான். இணைப்பு இறுக்கமாக இருக்கிறதென்று தையல் மெஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டேன். இரண்டு மாதத்தில் கிடங்கின் உமித்தூசி அதோடு குழைந்து, கருத்த களிம்பாக வால்வின் இருக்கையில் படிந்து, காற்று நிற்காமல் போனது. எனக்குக் களிம்போடு போயிற்று. உயர் அழுத்தத்தில் எண்ணெய் தீப்பற்றவும் கூடும். ஓ-ரிங்குக்கு வேண்டியது விரல் நுனியில் தடவி எடுத்த மெல்லிய சிலிக்கான் கிரீஸ் மட்டுமே.

8. சுட்டு முடித்ததும்

குழலில் பெல்லட் இல்லை என்று பார்த்து, பின்பக்கத்திலிருந்து முனைவரை குழல் காலி என்று காட்டும் பளிச்சென்ற பாதுகாப்பு நூலைச் செலுத்துங்கள். கையும் கன்னமும் பட்ட உலோகப் பகுதிகளை உடனே துடையுங்கள்; பங்குனி வெயிலில் சுடும்போது அணியும் தடித்த ஜாக்கெட்டுக்குள் வேர்க்கும் வேர்வையின் உப்பு ஒரே இரவில் கருநிறப் பூச்சைத் தின்னத் தொடங்கும். துடைத்த துணியில் துப்பாக்கி எண்ணெய் லேசாக இருக்கலாம். தேங்காய் எண்ணெய் கூடாது, அது சில வாரங்களில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

பெல்லட் ஈயம். சோப்பு போட்டுக் கை கழுவாமல் எந்தப் பிள்ளையையும் முறுக்குப் பொட்டலத்தைத் தொட விடாதீர்கள்.

9. குழலைத் துடைப்பது

ஒரு டின், அதாவது 500 பெல்லட் தீரும்போது துடைத்தால் போதும். பின்பக்கத்திலிருந்து முனையை நோக்கி, ஒரே திசையில், பூச்சுள்ள கம்பியாலோ நூலாலோ ஃபெல்ட் துண்டை இழுங்கள். முனையிலிருந்து கம்பியை நுழைத்தால் அது வாய்விளிம்பை உரசும். முதல் துண்டில் சிறிது குழல் எண்ணெய், அடுத்தடுத்து உலர்ந்த துண்டுகள், வெள்ளையாக வரும்வரை. பிறகு பத்துப் பதினைந்து பெல்லட் சுட்ட பிறகே குறி பழைய இடத்துக்குத் திரும்பும் என்பதால், போட்டிக்கு முந்தின இரவு துடைக்க வேண்டாம்.

10. மழைக்காலம்

எங்கள் பகுதிக்குத் தென்மேற்கு மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் உண்டு. ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் பெட்டியின் நுரை மெத்தை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ரைஃபிளைப் பூட்டிய பெட்டியிலேயே வாரக்கணக்கில் விடுவது துருவுக்கு விருந்து வைப்பதாகும். வீட்டில் மரப் பீரோவுக்குள், நுரையைத் தொடாமல் நிறுத்தி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லைப் பக்கத்தில் வைத்துப் பூட்டுங்கள். மணிகளின் நிறம் மாறியதும் இரும்புச் சட்டியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி பயன்படும். அந்தச் சட்டியைச் சமையலுக்கு மீண்டும் எடுக்கக் கூடாது.

சிலிண்டரை முழுக்கக் காலி செய்து வைக்க வேண்டாம். உள்ளே அழுத்தம் இருந்தால்தான் காற்றை அடைக்கும் வளையம் அதன் இடத்தில் அழுந்தி நிற்கும். ஈரமும் தூசியும் உள்ளே போகாது.

11. காற்று இறங்குகிறதா என்று பார்ப்பது

ஒரு மாலை, வேலந்தாவளத்திலிருந்து ஒரு தந்தை மகளோடு வந்து, "ராத்திரி இருநூறு இருந்துச்சுங்க, காலைல பாத்தா நூத்தித் தொண்ணூத்தி மூணுதான் இருக்குது. கேஸ்கெட் போயிருச்சுங்களா?" என்று கவலையோடு கேட்டார். அவர் பிற்பகல் 35 பாகை வெயிலில் நிரப்பி, விடியற்காலையில் 24 பாகையில் பார்த்திருக்கிறார். குளிர்ந்தால் காற்றின் அழுத்தம் குறையும். அந்த வேறுபாட்டுக்கு 200 பார் 193 ஆக இறங்குவதே முறை. "மத்தியானம் மறுபடி பாருங்க" என்று சொல்லி அனுப்பினேன். முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

ஆகவே கசிவைச் சோதிக்க ஒரே நேரத்தில், ஒரே அறையில், மூன்று நாள் பார்த்து எழுதுங்கள். உண்மையில் இறங்கினால் இணைப்புகளில் சோப்பு நீரைத் தூரிகையால் தடவிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உடனே துடைத்துவிடுங்கள். ரைஃபிளைத் தண்ணீரில் அமிழ்த்தாதீர்கள்.

வேகமானி கிடைத்தால் இன்னொரு சோதனை. தொடர்ந்து சுடும்போது 172 மீட்டரில் நிற்கும் வேகம், பத்து நிமிடம் ஓய்வுக்குப் பிறகு முதல் சூட்டில் மட்டும் தெளிவாக உயர்ந்தால், ரெகுலேட்டர் மூடாமல் காற்றைக் கசியவிடுகிறது. இதை வீட்டில் பிரிக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கும்போது தவறான திருகைக் கழற்றினால் பாகம் தெறித்து முகத்தில் அடிக்கும். பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

12. எடுத்துச் செல்லும்போது

வாளையாரிலோ கோபாலபுரத்திலோ வண்டியை நிறுத்திக் கேட்டால் பதற வேண்டியதில்லை. பூட்டிய பெட்டி, பில்லின் நகல், போட்டி அழைப்பு அல்லது மன்றத்தின் அடையாள அட்டை ஆகிய மூன்றும் மேலே எடுக்கும் இடத்தில் இருக்கட்டும். பெட்டியைத் திறக்கச் சொன்னால் அவர்கள் முன்னிலையில் திறந்து, பாதுகாப்பு நூல் குழலில் இருப்பதைக் காட்டுங்கள். பெல்லட்டைத் தனிப் பையில் வையுங்கள். துணியில் சுற்றி இருசக்கர வண்டியில் கொண்டுபோவது வீண் அச்சத்தை உண்டாக்கும். குறிப்பானும் அதிர்ந்து நகரும்.

பூட்டிய காருக்குள் வெயிலில் சிலிண்டரை விடாதீர்கள். 27 பாகையில் 200 பார் நிரப்பியது, 60 பாகையில் 222 பார் ஆகும். விமானத்தில் போவதானால் சிலிண்டரைக் கழற்றிக் காலியாகவே கொண்டுபோக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் போட்டி நடக்கும் இடத்திலேயே நிரப்பிக்கொள்ளலாம்; நிரப்பும் இணைப்பின் மரை எல்லாத் தயாரிப்புக்கும் ஒன்றல்ல என்பதால், உங்களுடைய இணைப்பியை மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.